சினை ஆடு வாங்குவோர் கவனத்திற்கு

ஹஜ்ஜுப் பெருநாள் வியாபாரத்தை எண்ணிச் சினை ஆடு வாங்குவோர் வயிற்றைத்தான் பார்க்கிறார்கள். நான் முதலில் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பேன். வெளுத்திருந்தால் இரத்தம் குடிக்கும் புழு வயிற்றில் இருக்கலாம். விற்பவர் அதை மறைப்பது மார்க்கத்துக்கும் ஆகாது.

இப்புழு ஒன்று நாளொன்றுக்கு 5,000 முட்டை வரை இடும். சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். ஈனும் காலம் நெருங்கியதும் தாயின் எதிர்ப்புச் சக்தி குறைந்து, முட்டைகள் பெருகிப் புழுக்கையோடு விழும். அவை பொரித்துப் புல்லில் ஏறும். மேயத் தொடங்கும் குட்டிக்கும் அதுவே இரை. தாய்க்குப் பால் குறையும், குட்டி மெலியும். போட்ட முதல் போய்விடும்.

அதற்காகக் கண்ட பூச்சி மருந்தை ஊற்றாதீர்கள். சினையின் முதல் மாதத்தில் அல்பெண்டசோல் கொடுத்தால் குட்டி ஊனமாகலாம். கிடாய் சேர்த்த நாளை விற்பவரிடம் கேட்டு, மிருக வைத்தியரிடம் சொல்லியே மருந்து வாங்குங்கள்.