கழுத்தின் ஏழு எலும்புகள்

மைசூரு உயிரியல் பூங்காவில் ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்திருப்பீர்கள். 1892-இல் சாமராஜேந்திர உடையார் காலத்தில் தோன்றிய பூங்கா அது. உயர்ந்த கிளையை எட்டும் அந்த நெடுங்கழுத்தில் எத்தனை எலும்புகள் இருக்கும்? ஏழு. நம் கழுத்திலும் ஏழுதான். நீளம் மட்டுமே வேறு.

நம்முடைய ஏழு சிற்றெலும்புகளும் ஏறத்தாழ 5 கிலோ எடையுள்ள தலையைச் சுமக்கின்றன. அவற்றிடையே மெத்தை போன்ற வட்டுகளும், மூட்டுகளில் வழவழப்பான குருத்தெலும்பும் உள்ளன. வயது ஏறும்போது வட்டுகள் நீர்ப்பசை குறைந்து சுருங்கும், குருத்தெலும்பு தேயும். இதனைக் கழுத்து எலும்புத் தேய்மானம் என்பர். அறுபது வயதைக் கடந்தோர் பெரும்பாலோரிடம் இது காணப்படும். ஆனால் எல்லார்க்கும் வலி வருவதில்லை. வலி வந்தவர்க்கோ காலையில் பிடரி மரக்கட்டைபோல் இறுகியிருக்கும். யாரேனும் அழைத்தால் தலையை மட்டும் திருப்ப இயலாமல் உடம்போடு திரும்புவர். உங்கள் பாட்டியோ தாத்தாவோ அவ்வாறு திரும்பியதைக் கண்டதுண்டா?

வலிக்கு அஞ்சிக் கழுத்தை அசைக்காமல் வைத்திருந்தால் தசை மேலும் இறுகும். மருத்துவர் இசைவளித்தபின், மெல்லிய பயிற்சிகளுக்கு நீங்கள் துணைபுரியலாம். பெரியவர் நாற்காலியில் நிமிர்ந்து அமரட்டும். தோள்களை உயர்த்தித் தளர்த்தியபின், தலையை மெல்ல வலப்புறம் திருப்பி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி, நடுவுக்கு வரவேண்டும், பிறகு இடப்புறம். அடுத்து, காதைத் தோள்பக்கம் சாய்க்க வேண்டும். தோள் காதை நோக்கி எழலாகாது. பின்னர், குனியாமல் நேரே பார்த்தபடி மோவாயை உள்ளிழுக்க வேண்டும். இறுதியாக, உள்ளங்கையை நெற்றியில் வைத்து, தலையால் கையைத் தள்ள வேண்டும். கை இடங்கொடாது, தலையும் அசையாது. தசைக்கு வலுவூட்டுவது இதுவே. ஒவ்வொன்றும் ஐந்து முறை போதும். வலி மிகுந்தால் அங்கேயே நிறுத்திவிடுக.

எண்ணுவது உங்கள் பணி. தமிழில், நிதானமாக எண்ணுங்கள். (கன்னட நண்பர்கள் கழுத்தைக் ‘கத்து’ என்பார்கள், அதைத் தமிழ் ஏவலாகக் கொண்டு பாட்டியின் காதருகே கூச்சலிட வேண்டா!)

பெரியவரின் தலையை உங்கள் கையால் திருப்பாதீர்கள். முடிதிருத்தும் கடைகளில் தலையை வெடுக்கென்று திருப்பி நெட்டி முறிக்கும் வழக்கம் இன்னும் உண்டு. அந்தச் ‘சடக்’ ஒலியில் சுகம் காண்போர் பலர். மூளைக்குக் குருதி கொண்டு செல்லும் குழாய்கள் கழுத்து வழியேதான் செல்கின்றன; அவை கிழிந்துவிடவும் கூடும். அது விளையாட்டன்று.

கை மரத்துப்போதல், பிடித்த குவளை நழுவுதல், நடை தடுமாறுதல் ஆகியவை நரம்போ தண்டுவடமோ நசுங்குவதன் அறிகுறிகளாகலாம். அப்போது பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்லவேண்டும். அங்கேதான் உங்கள் தமிழுக்கு வேலை. “கை மரத்துப்போகுது” என்று பாட்டி தமிழில் சொல்வார். மருத்துவர் கன்னடத்தில் கேட்பார். அதனை நீங்கள் ‘நோவு’ என்று பெயர்த்தால் வெறும் வலியாகிவிடும். ‘ஜோமு’ என்றால்தான் அவருக்குச் செய்தி சரியாகச் சேரும்.

பயிற்சி

1. வலி, குடைச்சல், விறைப்பு, மரத்துப்போதல்: இவற்றின் பொருள் வேறுபாட்டை வீட்டுப் பெரியவரிடம் கேட்டு எழுதுக. ஒவ்வொன்றுக்கும் ஈடான கன்னடச் சொல்லையும் எழுதுக.

2. நெற்றியில் கைவைத்துச் செய்யும் பயிற்சியை உங்கள் தம்பிக்கோ தங்கைக்கோ விளக்குவதுபோல் ஐந்து தொடர்களில் எழுதுக.