தொடுகையின்றி வெப்பநிலை அளத்தல்: உணரியை அளவுகோடிடல்

க.பொ.த. சாதாரண தரம் - விஞ்ஞானம் (பௌதிகவியற் பகுதி)

வெப்பம் இடமாறும் முறைகள் மூன்று என்பதை நீங்கள் ஏற்கனவே கற்றுள்ளீர்கள். அவற்றுள் கடத்தலுக்கும் மேற்காவுகைக்கும் ஊடகம் தேவை, கதிர்வீசலுக்குத் தேவையில்லை. 2020இல் கொவிட் தொற்றுக் காலத்தில் கடை வாசல்களில் நெற்றிக்கு நேரே பிடிக்கப்பட்ட கருவி இந்தக் கதிர்வீசலையே பயன்படுத்தியது. எல்லாப் பொருள்களும் தமது வெப்பநிலைக்கேற்ப செந்நிறக் கீழ்க் கதிர்களைக் காலுகின்றன. 1800இல் வில்லியம் ஹேர்ஷல் கண்டறிந்த இக்கதிர்கள் எமது கண்ணுக்குத் தெரிவதில்லை. கருவியிலுள்ள உணரி அவற்றைப் பெற்று மின் சைகையாக மாற்றி, பாகையில் காட்டுகின்றது.

கருவி காட்டும் எண் எப்போதும் உண்மையான வெப்பநிலையா? இல்லை. இவ்வினாவுக்கு மாணவர் பலர் "பற்றரி குறைந்திருக்கும்" என எழுதிவிட்டு நிறுத்திவிடுகின்றனர். அதற்குப் புள்ளி கிடைப்பது அரிது.

முதற் காரணம் மேற்பரப்பு. கரிய, மினுக்கமற்ற மேற்பரப்பு நன்கு காலும். மினுக்கிய உலோகம் மிகக் குறைவாகவே காலும். பூரண கரும்பொருளின் காலற்றிறனை 1 எனக் கொண்டால் நீருக்கு அது ஏறத்தாழ 0.96 ஆகவும், மினுக்கிய அலுமினியத்துக்கு 0.1 இலும் குறைவாகவும் இருக்கும். மலிவான கருவிகள் பெரும்பாலும் 0.95 எனக் கருதியே தயாரிக்கப்படுகின்றன. ஆகவே நீர் கொதிக்கும் பளபளப்பான அலுமினியப் பாத்திரத்தின் வெளிப்பக்கத்துக்கு அதனைப் பிடித்தால், 100 பாகைக்கு மிகக் குறைந்த ஒரு வாசிப்பே வரும். பாத்திரம் கண்ணாடி போல அறையின் கதிர்களைத் தெறிக்கச் செய்வதால், கருவி பார்ப்பது பெரும்பாலும் அறையைத்தான்!

இரண்டாவது காரணம் தூரம். கருவியில் 12 : 1 என எழுதப்பட்டிருப்பின், 60 சென்ரிமீற்றர் தூரத்தில் அது 5 சென்ரிமீற்றர் விட்டமுள்ள வட்டத்தைப் பார்க்கின்றது. பொருள் அவ்வட்டத்திலும் சிறிதாயின் பின்னாலுள்ள சுவரின் கதிர்களும் வந்து கலக்கும். இவ்விரண்டையும் சரிசெய்யாது அளவுகோடிடுவதில் பயனில்லை.

அளவுகோடிடும் முறை

இரச வெப்பமானிக்குப் பயன்படுத்திய அதே இரு நிலைத்த புள்ளிகள் இங்கும் போதும். கருவியைப் பரிசோதனை செய்யும் இடத்திலேயே சுமார் அரை மணித்தியாலம் வைத்திருங்கள். உணரியின் சொந்த வெப்பநிலையும் வாசிப்பைப் பாதிக்கும். நொறுக்கிய பனிக்கட்டியால் பாத்திரத்தை நிரப்பி, இடைவெளிகள் நிரம்பும் அளவுக்கு மட்டும் நீர் விட்டு, நன்கு கலக்கி, மேலிருந்து வாசிப்பை எடுங்கள். இது கீழ் நிலைத்த புள்ளி.

மேல் நிலைத்த புள்ளிக்குக் கொதிநீரின் மேலே கருவியைப் பிடிக்கக் கூடாது. கொதிநீராவி வில்லையில் ஒடுங்கி வாசிப்பைக் குழப்பிவிடும். அதற்குப் பதிலாக ஒரு தகரப் பேணியின் வெளிப்புறத்தை மண்ணெண்ணெய் விளக்கின் புகையிற் காட்டிக் கரி பிடிக்கச் செய்யுங்கள். அதில் நீரைக் கொதிக்கவிட்டு, நீர்மட்டத்துக்குக் கீழேயுள்ள பகுதியைப் பக்கத்திலிருந்து நேராகப் பாருங்கள். அடுப்புச் சுவாலை பேணியின் பக்கங்களைத் தழுவக் கூடாது. உடல் வெப்பமானியைக் கொதிநீரில் இட்டுச் சரிபார்க்க முனைந்தால் அது வெடித்துவிடும். இதுவும் பரீட்சையில் அடிக்கடி வரும் வினா.

யாழ்ப்பாணம், மட்டக்களப்பு போன்ற கரையோர இடங்களில் கொதிநிலை 100 பாகை எனலாம். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் வளியமுக்கம் குறைவாதலால் நீர் சுமார் 94 பாகையிலேயே கொதிக்கும். அங்கு கீழ்வரும் சமன்பாட்டில் 100 இற்குப் பதிலாக 94 ஐ இடவேண்டும்.

உண்மை வெப்பநிலை = (வாசிப்பு − பனிக்கட்டி வாசிப்பு) ÷ (கொதிநீர் வாசிப்பு − பனிக்கட்டி வாசிப்பு) × 100

மாதிரி வினா

கோழிக்குஞ்சு பொரிக்கும் பொறியொன்றின் கட்டுப்படுத்தி, முட்டைகளை நோக்கிய உணரியின் வாசிப்புக்கேற்ப மின்குமிழை ஏற்றி அணைக்கின்றது. வேண்டிய வெப்பநிலை 37.5 பாகை செல்சியசு. கடல்மட்டத்தில் இவ்வுணரி பனிக்கட்டியில் 3 எனவும் கொதிநீர்ப் பேணியில் 98 எனவும் காட்டியது.

(அ) கட்டுப்படுத்தியை 37.5 இல் வைத்தால் முட்டைகளின் உண்மை வெப்பநிலை யாது?

(37.5 − 3) ÷ 95 × 100 = 36.3 பாகை. குஞ்சு பொரிப்பது 21 நாளிலும் தாமதமாகும். பொரிப்பு வீதமும் குறையும்.

(ஆ) கட்டுப்படுத்தியை எவ்வெண்ணில் வைக்க வேண்டும்?

37.5 × 95 ÷ 100 + 3 = 38.6

(இ) ஒரு மாணவன், "பனிக்கட்டியில் 3 காட்டியது, ஆகவே எல்லா வாசிப்பிலிருந்தும் 3 ஐக் கழித்தாற் போதும்" என்கிறான். இது சரியா?

இவ்வினாவை ஊன்றிக் கவனியுங்கள். 3 என்பது பூச்சிய வழு மட்டுமே. பனிக்கட்டிக்கும் கொதிநீருக்குமிடையே 100 பாகை இருக்க, உணரி 95 மாத்திரமே ஏறியுள்ளது. வரைபில் காட்டினால் வெட்டுத்துண்டு மட்டுமல்ல, படித்திறனும் பிழை. 3 ஐக் கழித்துத் திரையில் 37.5 வரும்படி வைத்தால், உணரியின் மூல வாசிப்பு 40.5 ஆக இருக்கும். உண்மை வெப்பநிலை 37.5 ÷ 95 × 100 = 39.5 பாகை. திருத்தம் செய்யாது விட்டிருந்தால் குஞ்சுகள் தாமதமாகவேனும் பொரிக்க இடமுண்டு. இத்திருத்தத்தின் பின் முட்டையினுள்ளே முளையங்கள் இறக்கத் தொடங்கும்.

(ஈ) கட்டுப்படுத்தியில் ஒரு கூட்டல் அல்லது கழித்தல் திருத்தம் மட்டுமே செய்ய முடியுமாயின் என்ன செய்யலாம்?

பயன்படுத்தும் வெப்பநிலையிலேயே ஒப்பிட வேண்டும். கரி பிடித்த பேணியில் 37.5 பாகையளவில் இளஞ்சூட்டு நீரை எடுத்து, அதனுள் உடல் வெப்பமானியை இட்டு, இரு வாசிப்புகளின் வித்தியாசத்தைக் காண்க. இவ்வுணரிக்கு அது 38.6 − 37.5 = 1.1 ஆகும். ஆகவே கட்டுப்படுத்தியில் இடவேண்டிய திருத்தம் −1.1 பாகை.