காட்டுப்பன்றியும் புகைக்கறியும்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் காட்டுப்பன்றியை வேட்டையாடலாம். ஐரோப்பியர் கொண்டுபோன பன்றிகள் காட்டில் ஓடிப் பெருகி, பயிரை அழிக்கின்றன. கறியில் உப்பு, மிளகு தடவி, விறகுப் புகையில் பல மணி நேரம் வேகவைத்துக் குடும்பத்தோடு சாப்பிடுகிறார்கள். புகை வாசம் வந்தால் மட்டும் போதாது. கறியின் உள்ளேயும் 71 டிகிரி செல்சியஸ் சூடு ஏறணும். இல்லாவிட்டால் அதிலுள்ள நோய்க்கிருமிகள் சாகாமல் இருக்கலாம்.

நம் நாட்டில் காட்டுப்பன்றி காட்டின் சொந்தப் பிராணி. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நாமாக வேட்டையாடுவது குற்றம். போன மாசம் எங்க கடலைக் கொல்லையைப் பன்னி கிளறிப் போட்டுடுச்சு. கரண்டு கம்பி கட்டலாம்னு ஒருத்தர் சொன்னார். "ராத்திரி தண்ணி கட்டப் போற மனுசன் மிதிச்சா?" என்று அம்மா கேட்டாங்க. அப்பா பேசவே இல்லை. வனத்துறைக்கு மனு நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

– 9-ஆம் வகுப்பு மாணவி