கம்யூனிட்டி காலேஜிலிருந்து பெர்க்லிக்கு



மரபணு விஞ்ஞானி கிரெய்க் வென்டர் பள்ளிப் படிப்பில் சுமார் ரகம்தான். வியட்நாம் போரில் கடற்படை மருத்துவப் பணியாளராக இருந்துவிட்டுத் திரும்பியவர், சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே சான் மேட்டியோவில் இருக்கும் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தார். அங்கிருந்து கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்துக்கு மாறினார். 1972-ல் உயிர்வேதியியலில் பட்டம், 1975-ல் முனைவர் பட்டம். 2000 ஜூனில் மனித மரபணுத் தொகுப்பின் முதல் வரைவை வெள்ளை மாளிகையில் அறிவித்தபோது, அதிபர் கிளின்டனோடு மேடையில் நின்றவர்களில் அவரும் ஒருவர்.

இப்படி மாற முடிந்தது அவருக்கு மட்டும் கிடைத்த தனிச் சலுகை இல்லை. 1960-ல் கலிபோர்னியா வகுத்த உயர்கல்விப் பெருந்திட்டத்திலேயே அந்த வழி இருந்தது. பள்ளியில் முன்னணியில் இருந்தவர்கள் நேரே பல்கலைக்கழகத்துக்குப் போவார்கள். மற்றவர்கள் கம்யூனிட்டி காலேஜில் இரண்டு ஆண்டு படித்துவிட்டு மூன்றாம் ஆண்டில் சேரலாம். இன்று மாநிலத்தில் அப்படி 116 கல்லூரிகள். மாநிலவாசிகளுக்குக் கட்டணம் ஒரு செமஸ்டர் யூனிட்டுக்கு 46 டாலர். லாஸ் ஏஞ்சலஸ் வளாகமான யூசிஎல்ஏ-வுக்கு மாறி வரும் மாணவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இந்தக் கல்லூரிகளிலிருந்து வருகிறவர்கள்தான். கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் நகரத் தமிழ் வீடுகளில் "கம்யூனிட்டி காலேஜா?" என்று இழுத்துக் கேட்கும் பெரியவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இப்படி மாறுவதற்கு 60 செமஸ்டர் யூனிட் வேண்டும். குவார்ட்டர் முறையில் நடக்கும் கல்லூரியானால் 90. பள்ளி மதிப்பெண், எஸ்ஏடி எதுவும் கணக்கில் வராது. இதைக் கேட்டதும் பலர் இரண்டு ஆண்டு அவகாசம் இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் பொதுவாக நவம்பர் முடிவில் வந்துவிடும். அப்போது மாணவர் இரண்டாம் ஆண்டின் முதல் குவார்ட்டரில்தான் இருப்பார். கையில் இருக்கும் மதிப்பெண் முதலாண்டுடையது. கோடையில் படித்திருந்தால் அதுவும் சேரும். அவ்வளவுதான்.

கூப்பர்டினோவில் உள்ள டி ஆன்ஸா கல்லூரியை எடுத்துக்கொள்வோம். கால்குலஸ் அங்கே மேத் 1ஏ, 1பி, 1சி, 1டி என்று நான்கு குவார்ட்டர் ஓடும். ஒன்றை முடிக்காமல் அடுத்ததில் உட்கார முடியாது. முதல் குவார்ட்டரில் 1ஏ-வைப் பாதியில் கைவிட்ட பொறியியல் மாணவர் குளிர்காலத்தில் மறுபடி தொடங்கினால், விண்ணப்பிக்கும் நேரத்தில் 1பி வரைதான் முடித்திருப்பார், 1சி நடந்துகொண்டிருக்கும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் அவருடைய விண்ணப்பத்தைப் படிப்பவர், அந்தத் துறை கேட்கும் முன்பாடங்கள் எதுவரை வந்திருக்கின்றன என்றுதான் முதலில் பார்ப்பார். கட்டுரை எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த ஓட்டையை அடைக்காது.

எந்தக் கல்லூரியின் எந்தப் பாடம் எந்த வளாகத்தில் செல்லும் என்பதை 'அசிஸ்ட்' என்ற மாநில இணையதளம் துறைவாரியாகச் சொல்கிறது. கவுன்சிலரைப் பார்க்கும் முன்பே அதைப் பிரித்துப் பார்த்துவிடுவது நல்லது. மூன்று வளாகங்களுக்கு விண்ணப்பித்தால் மூன்று விதமான பட்டியல் இருக்கும். மூன்றுக்கும் பொதுவானதை முதலில் முடிப்பவர்கள் கெட்டிக்காரர்கள்.

டேக் என்ற உத்தரவாத ஏற்பாடும் உண்டு. செப்டம்பரில் விண்ணப்பித்து, நிபந்தனைகளை நிறைவேற்றினால் இடம் நிச்சயம். டேவிஸ், இர்வைன், மெர்சிட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ் என்று ஆறு வளாகங்களில் மட்டும்தான். பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியேகோ அதில் இல்லை. அந்த ஆறிலும் சில துறைகளுக்குக் கிடையாது. ஆனாலும் ஒரு டேக்கைக் கையில் வைத்துக்கொண்டு பெர்க்லிக்கு முயல்பவருக்கு இரவில் தூக்கம் வரும்.

தனியார் பல்கலைக்கழகங்களின் கதை வேறு. பிரின்ஸ்டன் 1990-ல் வேறு கல்லூரிகளிலிருந்து மாறி வரும் மாணவர்களுக்குக் கதவைச் சாத்தியது. 2018-ல்தான் திறந்தது, அதுவும் ஒரு சிலருக்கு. இப்படிப்பட்ட இடங்கள் பெரும்பாலும் பேராசிரியரின் பரிந்துரைக் கடிதத்தைக் கேட்கும். கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆபீஸ் அவர்ஸ் பக்கம் எட்டிப் பார்க்காத மாணவருக்கு எழுதித்தர யாரும் இருக்க மாட்டார்கள்.

நவம்பரோடு வேலை முடிந்ததென்று பெட்டியை மூடிவிடக் கூடாது. ஜனவரியில் புதிய மதிப்பெண்களையும் வசந்தகாலப் பாடங்களையும் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஏப்ரலில் வரும் அனுமதிக் கடிதமும் நிபந்தனையோடுதான் வரும்: பதிவுசெய்த பாடங்களை முடித்து, இறுதி மதிப்பெண் பட்டியலை ஜூலை 1-க்குள் அனுப்ப வேண்டும். மே மாதத்தில் கஷ்டமான ஒரு பாடத்தை யாரிடமும் சொல்லாமல் விட்டுவிட்டால், கிடைத்த இடமே பறிபோகலாம். விட்டே ஆகவேண்டிய நிலை வந்தால், முதலில் அந்த வளாகத்தின் சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும்.