சாவு வீட்டில் ரசீது கேட்பது தப்பில்லை

அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ ஜெயங்கொண்டம் அரசு மருத்துவமனையிலோ உயிர் பிரிந்தால், பதற்றத்தில் வாசலில் நிற்கும் தனியார் வண்டியைப் பேசிவிடாதீர்கள். 155377-ஐ அழையுங்கள். அரசின் அமரர் ஊர்தி உடலை நம் உடையார்பாளையத்துக்கு இலவசமாகக் கொண்டுவந்து சேர்க்கும். வண்டி வரச் சற்றுத் தாமதமானாலும் காத்திருங்கள்.

சுடுகாடு, இடுகாடு பராமரிப்பு உள்ளாட்சியின் வேலை. கிராம ஊராட்சிகளுக்கு 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின் 110-ஆம் பிரிவு இதைக் கடமையாகவே விதிக்கிறது. எரிவாயு தகன மேடை இருக்கும் ஊர்களில் கட்டணத்தை மன்றத் தீர்மானம்தான் நிர்ணயிக்கும். அதனால் மயானக் கட்டணம் என்று யார் கேட்டாலும் ரசீது கேளுங்கள். அழுதுகொண்டிருக்கும் மகனால் அது முடியாது. பங்காளிகளில் நிதானமான ஒருவர் பணப்பையை வைத்துக்கொள்ளட்டும். அடக்கம், தகனம், பிணவறை, உடலை ஏற்றிச்செல்வது ஆகிய எதற்கும் ஜி.எஸ்.டி. கிடையாது. பில்லில் போட்டிருந்தால் நீக்கச் சொல்லுங்கள்.

குழி வெட்டுபவரிடம், விறகு அடுக்குபவரிடம் மட்டும் பேரம் பேசாதீர்கள். பல ஊர்களில் அவர்களுக்கு மாதச் சம்பளமே இல்லை. அன்றைய கூலிதான் அவர்கள் வீட்டுச் சோறு. செலவைக் குறைக்க வேண்டுமா, வெடியைக் குறையுங்கள், பூப்பல்லக்கைக் குறையுங்கள்.

“அப்பாவை நம்ம முந்திரிக் கொல்லையிலேயே அடக்கம் பண்ணிடலாமா?” என்று கேட்பவர்கள் உண்டு. ஆசை புரிகிறது. ஆனால் கிராமங்களில் உரிமம் பெற்ற இடத்தில்தான் அடக்கம் செய்ய வேண்டும். மீறினால் தோண்டி எடுத்து மாற்ற நேரிடும் என்பதே சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வின் நிலைப்பாடு. சொந்தப் பட்டா என்பது போதாது.

இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்யுங்கள். அதற்குள் செய்தால் தாமதக் கட்டணம் இல்லை. தகவல் கொடுத்தவருக்கு முதல் சான்றிதழும் இலவசம். ஓராண்டு தாண்டினால் அதிகாரியின் ஆணைக்கு அலைய வேண்டிவரும்.

அந்தச் சான்றிதழ் இல்லாமல் வரவேண்டிய பணமும் வராது. இறந்தவர் நெசவாளரா, கட்டடத் தொழிலாளியா? நலவாரிய அட்டையைத் தேடுங்கள். ஈமச்சடங்கு உதவி, இயற்கை மரண உதவி இரண்டுக்கும் மனு போடலாம். விவசாயக் கூலி என்றால் உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். சிமென்ட் ஆலையில் ஒப்பந்த வேலை பார்த்தவராக இருந்தால், சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா என்று கவனியுங்கள். இருந்தால் இறுதிச் சடங்குச் செலவுக்கு ரூ.15,000 வரை கிடைக்கும். இறந்த 3 மாதத்துக்குள் விண்ணப்பித்துவிடுங்கள்.