பனியில் முறைவைத்து நடப்பது

கேள்வி: ஜனவரியில் நியூ ஹாம்ப்ஷயரில் ஸ்னோஷூ கட்டிக்கொண்டு மலையேற நண்பர்கள் கூப்பிடுகிறார்கள். எனக்கு இதுதான் முதல் முறை. போகலாமா?
– ஒரு வாசகி, பாஸ்டன்

பதில்: தாராளமாகப் போங்கள். முதல் மலையாக மவுண்ட் பியர்ஸைச் சொல்வேன். உயரம் சுமார் 1,314 மீட்டர். அங்கே ஏறும் பாதை 1819-இல் ஏபல் கிராஃபோர்டும் அவர் மகனும் வெட்டியது. உச்சியை நெருங்கும்வரை மரங்கள் காற்றைத் தடுக்கும்.

ஸ்னோஷூ உடல் எடையை அகலமாகப் பரப்புவதால் கால் அதிகம் புதையாது. அடியிலுள்ள பற்கள் உறைபனியைக் கவ்வும்.

புதுப்பனியில் முன்னால் நடப்பவருக்குத்தான் பாடு. அவர் மிதித்த தடத்தில் மற்றவர்கள் சுலபமாக வந்துவிடுவார்கள். ஆகவே முறைவைத்து மாறுங்கள். களைத்தவர் ஓரமாக நின்று வரிசையின் கடைசியில் சேரட்டும். தடம் கெட்டியாகத்தானே இருக்கிறது என்று வெறும் பூட்ஸோடு மட்டும் நடக்காதீர்கள். கால் புதைந்த குழிகள் இரவில் இறுகி, மறுநாள் வருபவரின் கணுக்காலைப் பிசகவைக்கும். அப்படிக் குழிவிழுந்த பாதையைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது.

குளிரைவிட வியர்வைக்குத்தான் நான் பயப்படுவேன். நனைந்த பருத்தி லேசில் காயாது, உடற்சூட்டை இழுத்துவிடும். கம்பளி உள்ளுடை போடுங்கள். கிளம்பும்போது லேசாகக் குளிரட்டும், பரவாயில்லை. தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள். மேற்பக்கம்தான் முதலில் உறையும், வாய் அடைக்காது.

பியர்ஸ் இருக்கும் அதே மலைத்தொடரின் மவுண்ட் வாஷிங்டனில் 1934 ஏப்ரல் 12 அன்று காற்று மணிக்கு 372 கிலோமீட்டர் வேகத்தில் வீசியது. ஆகவே மரங்கள் முடிகிற இடத்தில் ஒரே ஒருவர் 'திரும்பலாம்' என்றாலும் எல்லோரும் திரும்ப வேண்டும். இதைக் காரிலேயே பேசி முடித்துவிடுங்கள். நாலரை மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும்; தலையில் மாட்டும் விளக்கு ஆளுக்கொன்று இருக்கட்டும்.