அனுப்புநர் முகவரி: தேர்வில் மறை, மனுவில் காட்டு

மரக்காணம் உப்பளக் கரையில் பத்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளைக்கு இரண்டு விதமான கடித வேலை உண்டு. ஒன்று, தமிழ்த் தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதுவது. இன்னொன்று, பாத்தியில் உப்பு வாரும் அம்மாவுக்காகத் தாலுகா ஆபீசுக்கு மனு எழுதித் தருவது. இரண்டுமே 'அனுப்புநர்' என்றுதான் தொடங்கும். ஆனால் அதற்குக் கீழே எழுத வேண்டியது நேர் எதிர். தேர்வில் நீங்கள் யார் என்று தெரியக் கூடாது. மனுவில் அது தெரியாவிட்டால் எழுதியதே வீண்.

முதலில் தேர்வு. தாளின் இடப்பக்கம் மேலே 'அனுப்புநர்'. கடைசி எழுத்துக்கு முன்னால் வருவது 'ந'. 'அனுப்புனர்' என்று எழுதும் பழக்கத்தை இன்றே விடுங்கள், 'பெறுநர்' என்பதற்கும் அதே கதைதான். அடுத்த வரியில், சற்று உள்தள்ளி, பெயர். பிறகு கதவு எண்ணும் தெருவும், ஊர், வட்டம், மாவட்டம், அஞ்சல் குறியீட்டு எண். சிறியதில் தொடங்கிப் பெரியதில் முடிய வேண்டும். ஒவ்வொரு வரி முடிவிலும் காற்புள்ளி, கடைசி வரியில் மட்டும் முற்றுப்புள்ளி.

அனுப்புநர்
    அ அ அ அ,
    7, பள்ளிக்கூடத் தெரு,
    ஆ ஆ ஆ ஆ.

வினாத்தாளே ஒரு பெயரும் முகவரியும் கொடுத்திருந்தால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். கொடுக்காதபோதுதான் இந்த 'அ அ அ அ'. சொந்தப் பெயர், பள்ளியின் பெயர், சொந்த ஊர் எதுவும் வேண்டாம். அரசுப் பொதுத் தேர்வில் உங்கள் படமும் பட்டைக் குறியீடும் உள்ள முகப்புத் தாளைப் பிரித்துவிட்டுத்தான் விடைத்தாளைத் திருத்தக் கொடுக்கிறார்கள். அத்தனை ஏற்பாட்டையும் கடிதத்தின் இரண்டாவது வரியில் நீங்களே கெடுத்துவிடாதீர்கள். அவசரத்தில் கை தானாகச் சொந்தப் பெயரை எழுதப் போவது கடைசியில்தான், 'தங்கள் உண்மையுள்ள' என்பதற்குக் கீழே. மேலே என்ன எழுதினீர்களோ அதுவே அங்கும் வர வேண்டும். உறைமேல் முகவரிக் கட்டத்தில் பெறுநர் முகவரி. நண்பருக்கு எழுதும் கடிதத்தில் அனுப்புநர் பகுதியே கிடையாது. வலப்பக்கம் மேலே இடமும் நாளும் போதும். தேர்வுக்கு இவ்வளவுதான்.

கஷ்டம் மனுவில் இருக்கிறது. குப்பத்திலும் உப்பளத்தை ஒட்டிய குடியிருப்புகளிலும் எல்லா வீட்டுக்கும் கதவு எண் இருக்காது. 'உப்பளம் அருகில்' என்று எழுதினால் மரக்காணத்தில் பாதி ஊர் அதில் அடங்கிவிடும். இங்கே கைகொடுப்பது த/பெ, க/பெ என்ற வரி. பெயருக்கு அடுத்து தந்தை பெயரோ கணவர் பெயரோ இருந்தால், ஒரே தெருவில் ஒரே பெயரில் நான்கு பேர் இருந்தாலும் தபால்காரர் சரியான வாசலுக்கு வந்துவிடுவார். எண் இல்லாத இடத்தில் கோயில், ரேஷன் கடை, தண்ணீர்த் தொட்டி என்று இடம் மாறாத ஓர் அடையாளம் சேருங்கள். டீக்கடை வேண்டாம், அது அடுத்த மழைக்கு இருக்குமோ இருக்காதோ.

வட்டத்தின் பெயரிலும் கவனம் தேவை. மரக்காணம் முன்பு திண்டிவனம் வட்டத்தில் இருந்தது, இப்போது தனி வட்டம். பழைய பத்திரத்தைப் பார்த்து எழுதினால் மனு திண்டிவனத்துக்குப் போய்த் திரும்பும். மாவட்டமும் அப்படியே. தென்னார்க்காட்டிலிருந்து விழுப்புரம் பிரிந்தது 1993-இல்.

அஞ்சல் குறியீட்டு எண்ணை ஊகித்து எழுதக் கூடாது. 1972 ஆகஸ்ட் 15 முதல் நடப்பில் இருக்கும் இந்த ஆறு இலக்கங்களில் கடைசி மூன்று, தபாலை வினியோகிக்கும் அஞ்சலகத்தைக் குறிப்பவை. அந்தப் பிரிப்பு மாவட்ட எல்லையைப் பார்ப்பதில்லை. மரக்காணம் 604303. அதே விழுப்புரம் மாவட்டத்தில், கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் வரும் கோட்டக்குப்பம் 605104. புதுச்சேரி எண்களைப் போலவே 605-இல் தொடங்குகிறது. அதைப் பார்த்து மாநிலத்தைப் புதுச்சேரி என்று மாற்றி எழுதுபவர்களும் உண்டு!

முகவரியில் 'காலனி' என்ற சொல் இருந்தால் யோசியுங்கள். அரசு ஆவணங்களிலிருந்து அந்தச் சொல்லை நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். உங்கள் தெருவுக்குப் புதுப் பெயர் வந்துவிட்டதா என்று பேரூராட்சியிலோ ஊராட்சியிலோ கேட்டுவிட்டு எழுதுவது நல்லது.

அக்டோபரில் மழை இறங்கினால் பாத்தி மூழ்கும், வேலை நிற்கும். அந்த மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு அரசு ரூ.5,000 நிவாரணம் அறிவித்திருக்கிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியதே, அப்படிப்பட்ட சமயத்தில் தனி நிவாரணமும் வரும். இந்த மனுக்களில் அழகான நடையை யாரும் தேடுவதில்லை. ரேஷன் அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றிலும் உள்ள பெயரும் முகவரியும் மனுவோடு ஒத்துப்போகிறதா என்றுதான் பார்ப்பார்கள். எனவே எழுத உட்காரும்போது ரேஷன் அட்டையைப் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து பாருங்கள். முதலெழுத்து ஒன்றில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருந்தால், மனுவுக்கு முன் அதைத் திருத்துவதே முதல் வேலை.

படிப்பு முடித்து சென்னைக்கோ புதுச்சேரிக்கோ வேலைக்கு விண்ணப்பிக்கும்போது முகவரி இரண்டாகிவிடும். தற்காலிக முகவரியில் விடுதியை எழுதலாம். நிரந்தர முகவரியில் வீட்டைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். பணி ஆணை வரத் தாமதமானால் விடுதி மாறியிருக்கும், வீடு மாறாது.

கைபேசி எண்ணும் இப்போது முகவரியில் ஒரு வரிதான். ஆட்சியர் அலுவலகத் திங்கள்கிழமைக் கூட்டத்தில் கொடுத்தாலும், 'முதல்வரின் முகவரி' துறைக்கு அனுப்பினாலும், மனு எண்ணும் பதிலும் அந்த எண்ணுக்கே குறுஞ்செய்தியாக வரும். ஊரை விட்டு வேலைக்குப் போகிற அண்ணனின் எண்ணை எழுதாதீர்கள். அம்மாவின் மனு என்றால் அம்மா கையிலேயே இருக்கும் கைபேசியின் எண்ணை எழுதி, மனுவின் நகலையும் ரசீதையும் ரேஷன் அட்டையோடு சேர்த்து வையுங்கள்.